எல்லையை வரைந்த கை எது?

கல்முனைப் பகுதியில் உயர்தர வகுப்பிலே அரசியல் விஞ்ஞானம் கற்கும் மாணவர் சிலரோடு 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உரையாடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கெட்டிக்காரப் பிள்ளைகள். இலங்கை குடியரசான நாள் எதுவென வினவினோம். நாம் வாய் மூடுமுன் 1972 மே 22 என்று விடை வந்தது. வலுவேறாக்கத்தின் இலட்சணங்களை ஒருவன் விரல் மடக்கி எண்ணினான். இன்னொருவன் சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவை மூச்சு விடாமல் ஒப்பித்தான். மகிழ்ந்தோம். பின்னர், "தம்பி, உங்கள் மாநகர சபையின் முதல்வர் யார்?" என்றோம். ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டனர். "இப்போது முதல்வர் இல்லையே, சேர்." ஏன் இல்லை என்றோம். "நோட்ஸில் அது இல்லை, சேர்."

நோட்ஸில் அது இல்லை! அந்தப் பிள்ளையின் மீது எமக்கு ஒரு சிறிதும் கோபமில்லை. அவன் கையிலே நாம் கொடுத்தது எதுவோ அதைத்தான் அவன் திருப்பித் தந்தான். கடையில் விற்கும் வினா விடைக் கையேடுகளையும், வெள்ளி சனியென்று பாராது நடக்கும் தனியார் வகுப்புக்களின் உருட்டச்சுத் தாள்களையும் அரசியற் கல்வி என்று பெயரிட்டு வழங்கிய பெரியவர்களாகிய நாமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நடந்ததைக் கூறுவோம். 2018 பெப்ரவரி 10 இல் தெரிவான சபைகளின் ஆயுள், ஓராண்டு நீட்டிக்கப்பட்டு, 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் 9 ஆம் திகதி நடக்குமென்று அறிவிக்கப்பட்ட தேர்தல், பணமில்லை என்ற நொண்டிச் சாட்டோடு நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று 2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இல் நாடெங்கும் 339 சபைகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. சின்னஞ்சிறு பிரதேச சபைகளுங்கூட வாக்களித்தன. கல்முனை மாநகரம் வாக்களிக்கவில்லை. வழக்கொன்று நிலுவையில் இருந்தமையால் அன்று கல்முனையின் வாக்காளன் வீட்டிலிருந்து வானொலியிற் பிறவூர் முடிவுகளைக் கேட்டுக் கொண்டிருந்தான். வீதி விளக்கு எரியாவிட்டால் எந்த உறுப்பினரின் வாயிலில் நின்று கேட்பது? வரிப் பணத்தை எதற்குச் செலவிடுவதென்று முடிவு செய்வது யார்? மக்கள் தெரிந்தெடுத்தவர் செய்ய வேண்டியதை மக்கள் தெரிந்தெடுக்காத உத்தியோகத்தர் செய்தால் அதற்கு என்ன பெயர்? தேர்வுத் தாளில் "பொறுப்புக் கூறும் அரசாங்கம்" என்று எட்டுப் புள்ளிக்கு எழுதும் மாணவன், தன் தெருவில் அது இல்லாமற் போனதை அறியாமலே எழுதுகிறான் என்றால் இதைவிட வெட்கக்கேடு வேறுண்டோ?

அதிகாரம் எங்கே பிறக்கிறது, அதற்கு வரம்பு எது, கொடுத்தவன் அதை எப்படி மீட்பான்: அரசியற் கல்வியின் அடிப்படை வினாக்கள் இவ்வளவே. இவற்றைத் தேடி நம் பிள்ளை கிரேக்க நாட்டுக்குப் பயணஞ் செய்ய வேண்டியதில்லை. அவனுடைய வாப்பாவோ அப்பாவோ ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் இவ்வினாக்களோடுதான் கூட்டத்துக்குப் போகிறார். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தலைமை வகிப்பவர் அரசாங்க அதிகாரி. நீர்ப்பாசன உத்தியோகத்தர் குளத்தில் எவ்வளவு தண்ணீர் உண்டென்று கணக்குச் சொல்வார். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடுகளை வட்டையிலிருந்து அப்புறப்படுத்தும் நாள், வாய்க்கால் வெட்டாதவனை என்ன செய்வது, இவையெல்லாம் செய்கைக்காரரின் சம்மதத்தோடு தீர்மானமாகும். தீர்மானமானபின், எதிர்த்துப் பேசியவனையும் அது கட்டும். வட்டவிதானை யார், அவருக்குரிய நெல் எவ்வளவு, அவர் பாரபட்சம் காட்டினால் முறையீடு யாரிடம் என்பதெல்லாம் அங்கே பேசப்படும். சட்டம் ஆக்குவோர், அதை நடத்துவோர், வழக்குத் தீர்ப்போர் என்னும் மூவரையும் ஒரே முற்றத்திற் காணலாம். மூவரும் ஒருவராகிவிட்டால் கடைமடைக்காரனின் கதி என்னவாகும் என்பதையும் காணலாம்! 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தபோது, உறுதி வைத்திருப்பவர் மட்டுமன்றி உழுது விதைப்பவரும் தம் ஆளைத் தெரிவு செய்யலாம் என்றது. போடிமார் சிலர் அன்று முகஞ் சுளித்திருப்பர். வாக்குரிமை விரிவடையும்போது முகஞ் சுளிப்போர் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். இங்கிலாந்தின் சீர்திருத்தச் சட்டம் 1832 என்று மனப்பாடஞ் செய்யும் பிள்ளைக்கு இந்த 1958 ஐச் சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

அவ்வாய்க்காலின் ஓரமாக மேலே நடந்து சென்றால் இங்கினியாகலை அணைக்கட்டை அடைவோம். பட்டிப்பளை ஆற்றை மறித்து எழுந்த அத்திட்டத்துக்கென 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. குடியேற்றப்பட்டோரிற் பெரும்பாலார் வெளி மாகாணங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்கள விவசாயிகள். 1956 யூனில், சிங்களம் மட்டும் சட்டம் வந்த அதே மாதத்தில், கல்லோயாப் பள்ளத்தாக்கிலே இரத்தஞ் சிந்தியது. 1959 இன் எல்லை நிர்ணயம் அம்பாறை என்றொரு தேர்தற் தொகுதியை உண்டாக்கியது. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகம் துண்டாடப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று. 1978 யாப்பின் கீழ்த் தேர்தற் பட்டியலில் அதற்குத் திகாமடுல்ல என்று பெயர் விழுந்தது. அணை, குடியேற்றம், தொகுதி, மாவட்டம், பெயர் என்று முப்பது ஆண்டுகளில் நடந்தேறிய வரிசையைக் கவனியுங்கள். மாவட்டத்தின் கச்சேரி உள்ளூரிலே அமைந்தது. கல்முனையும் சம்மாந்துறையும் நிந்தவூரும் அக்கரைப்பற்றும் பொத்துவிலும் தம் காரியத்துக்காக உள்நோக்கிப் பயணஞ் செய்தன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 43 பேர். தமிழர் 17 பேர். ஆக, ஐந்தில் மூவர் தமிழ் பேசுவோர்.

குடியேறி வந்த ஏழை விவசாயியை நாம் பகைக்கவில்லை. அவன் தன் வயிற்றுக்காக வந்தவன். அவனுடைய பேரப் பிள்ளைக்கும் பிறந்த மண் இதுவே. நாம் கேட்பது வேறு. ஒரு மாவட்டத்தை உண்டாக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1955 ஆம் ஆண்டின் நிருவாக மாவட்டங்கள் சட்டம் என்று ஒன்று உண்டென்பதை, கரையோர மாவட்டம் வேண்டுமென்று மேடை தோறும் தொண்டை கிழியக் கத்துவோரில் எத்தனை பேர் அறிவர்? எல்லை நிர்ணயக் குழுவிடம் எழுத்து மூலம் முறையிடும் உரிமை குடிமகனுக்கு உண்டா? உண்டெனில், முறையிட்டவர் யார்? இவை பகையை வளர்க்கும் வினாக்களா, பகையைத் தணிக்கும் வினாக்களா? கோட்டை வரைந்த கை தெரியாதபோதுதான் அயலான் முகம் எதிரி முகமாய்த் தோன்றும்.

பிரதிநிதி என்பவன் யார் என்னும் வினாவுக்கு வருவோம். 1931 இல் டொனமூர் யாப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்களித்தது. அவ்வாண்டு மட்டக்களப்புத் தெற்கிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவர் எச். எம். மாக்கான் மாக்கார். மாணிக்க வணிகத்திற் பேர் பெற்ற தென்னிலங்கைக் குடும்பத்தவர். அமைச்சராகவும் இருந்தார். கண்ணியமான மனிதரே. ஆயினும் நெல் விளையும் நாட்டுக்கு மாணிக்க வணிகர் பிரதிநிதியானது எப்படி? ஊருக்குள்ளே ஆள் இல்லையா, அல்லது ஆள் இருந்தும் வசதி இல்லையா? இதைப் பற்றிய ஒரு கட்டுரைப் போட்டி வைத்தாற்கூட நாலு பிள்ளைகள் நாலு பெரியவர்களிடம் போய்ப் பழங்கதை கேட்பார்கள்.

1956 தேர்தலில் கல்முனையும் பொத்துவிலும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளரை வெல்ல வைத்தன. கல்முனையில் எம். எஸ். காரியப்பர்; பொத்துவிலில் எம். எம். முஸ்தபா. வென்ற இருவரும் ஆளுந் தரப்புக்கு மாறினர். வாக்கு கட்சிக்கா, ஆளுக்கா? மாறியவனைத் திருப்பி அழைக்க வாக்காளனுக்கு வழியுண்டா? அன்றைய யாப்பில் இல்லை. 1978 யாப்பின் 99 ஆம் உறுப்புரை, கட்சியிலிருந்து நீக்கப்பட்டவன் ஆசனத்தை இழப்பான் என்றது. நீக்கம் சரியா பிழையா என்று உயர் நீதிமன்றம் ஆராயலாம் என்றும் கூறியது. அப்படியானால் தாவுதல் ஓய்ந்ததோ? 2020 ஒக்டோபர் 22 ஆம் நாளை நினைவு கூர்க. ஜனாஸாக்களைப் பெட்டியிலிட்டு எரித்துக் கொண்டிருந்த காலம். சனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கும் 20 ஆவது திருத்தம் வாக்குக்கு வந்தது. முஸ்லிம் காங்கிரசின் தலைவர் எதிர்த்து வாக்களித்தார். இக்கரையின் உறுப்பினர் உட்பட அக்கட்சியினர் நால்வர் ஆதரித்துக் கை உயர்த்தினர். எரிப்பு 2021 பெப்ரவரி இறுதியிலேதான் நின்றது. கை உயர்த்தியதற்குக் காரணங் கூறினார்கள். காரணத்தை எடைபோட வாக்காளனுக்கு வேண்டியிருந்தது 20 ஆவது திருத்தத்தின் வாசகம். அதை வாசித்தவர் எத்தனை பேர்? வாசித்து விளக்க வேண்டிய படித்த கூட்டமோ அன்றிரவு முகநூலிலே பாட்டும் பழியும் எழுதிக் கொண்டிருந்தது.

காரியப்பரை நாம் இன்னும் விடப் போவதில்லை. ஏனெனில், கல்முனை என்னும் பெயர் உலகத்தின் அரசியற் சட்ட நூல்களில் இடம்பெற்றது அவராலேதான். இதைக் கல்முனை மாணவன் அறியான் என்பதே எமது பெருங் குறை.

1959 இல் அமைக்கப்பட்ட தல்கொடப்பிட்டிய ஆணைக்குழு, பாராளுமன்ற உறுப்பினர் சிலர் இலஞ்சம் வாங்கினர் என்ற குற்றச்சாட்டுக்களை விசாரித்தது. காரியப்பருக்கு எதிரான குற்றச்சாட்டு நிரூபணமானதென்று அறிக்கை சொல்லிற்று. ஆணைக்குழு நீதிமன்றமன்று, அதன் முடிவால் எவரும் சிறை செல்வதில்லை. 1965 மார்ச் பொதுத் தேர்தலில் கல்முனை மக்கள் அவரை மறுபடியும் தெரிவு செய்தனர். அதே ஆண்டு நவம்பரில், குடியியல் தகுதியீனங்கள் விதிக்கும் 14 ஆம் இலக்க விசேட சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றியது. அட்டவணையிலே பெயர் பெயராகக் குறிக்கப்பட்டோர் ஏழாண்டுகளுக்கு வாக்களிக்கவோ, தேர்தலில் நிற்கவோ, சபையில் இருக்கவோ கூடாது. காரியப்பரின் ஆசனம் பறிபோயிற்று. தம்மை உறுப்பினராக ஏற்று வேதனம் வழங்கும்படி பிரதிநிதிகள் சபையின் செயற்பொறுப்பில் இருந்த எஸ். எஸ். விஜேசிங்காவுக்கு எதிராக அவர் எழுத்தாணை கோரி உயர் நீதிமன்றம் சென்றார், தோற்றார். இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் வரை சென்றார். 1967 இல் அங்கும் தோற்றார்.

வாசகர்களே, இங்கேதான் நிதானிக்க வேண்டும். 1962 சனவரியில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தனரென்று இராணுவ, பொலிஸ் உயர் அதிகாரிகள் கைதாயினர். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே முன்தேதியிட்ட சட்டமொன்றை அரசாங்கம் ஆக்கியது. பதினொருவர் குற்றவாளிகளாயினர். லியனகே வழக்கு எனப்படும் அவ்வழக்கில், காரியப்பரைப் பறித்த சட்டம் நிறைவேறிச் சில வாரங்களுள், 1965 டிசம்பரில், அதே பிரிவிக் கவுன்சில் தண்டனையை இரத்துச் செய்தது. குறித்த சிலரை இலக்கு வைத்து நீதிமன்றத்தின் வேலையைச் சட்டமன்றம் தன் கையில் எடுத்தல் ஆகாது என்றது. அப்படியானால் பெயர் சொல்லித் தகுதி பறித்த காரியப்பர் சட்டம் மட்டும் எப்படி நின்றது? நீதிபதிகள் கூறிய காரணத்தின் சாரம் இது: பொது வாழ்வைத் தூய்மையாய் வைத்திருத்தல் இச்சட்டத்தின் நோக்கம், தண்டனை விதித்தல் அன்று. மேலும், மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு முறைப்படி நிறைவேறியதால், யாப்போடு முரண்பட்டாலும் அது யாப்பின் திருத்தமாகவே கொள்ளத்தக்கது.

இது சரியா? எமக்கு இன்றும் முழுச் சம்மதமில்லை. இலஞ்சம் வாங்கியவருக்கு நாம் வக்காலத்துப் பேசவில்லை. இலஞ்சம் குற்றமெனில், குற்றப் பத்திரிகை கொடுத்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவிட்டு, நீதிமன்றம் தீர்க்கட்டும். ஆறிலிரண்டு, நாலிலொன்று என்று கை எண்ணித் தீர்க்கும் விவகாரமா அது? கல்முனை வாக்காளன் ஆணைக்குழுவின் அறிக்கையை அறிந்த பின்னும் அவரையே அனுப்பினான். அவ்வாக்காளன் தவறிழைத்தான் என்றே வைத்துக்கொள்வோம். தவறிழைக்கும் உரிமை அவனுக்கு உண்டா, இல்லையா? எதிர்த் தரப்பின் வாதமும் பலமுடையதே. ஊழல் செய்தவன் பணத்தால் வாக்கை வாங்கி மறுபடி வந்து குந்தினால், மக்களின் தீர்ப்பென்று அதைத் தலைமேற் கொள்ள முடியுமா? இவ்விரு பக்கத்தையும் நிறுத்துப் பேசத் தெரிந்த மாணவனே அரசியல் கற்றவன். பேசத் தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1980 ஒக்டோபரில் விசேட சனாதிபதி ஆணைக்குழுவொன்றின் அறிக்கையைக் கொண்டு, முன்னாட் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகளை ஏழாண்டுகளுக்குப் பாராளுமன்றம் பறித்தது. 1965 இல் சிறு கூட்டத்தார் மீது செய்து பார்த்த கருவி, பதினைந்தாண்டுகளில் எதிர்க்கட்சித் தலைவி மீது பாய்ந்தது. அதற்குள் இலண்டனுக்கு மேன்முறையீடு செய்யும் வழியும் அடைபட்டுவிட்டது.

தகுதியை அளப்பதற்குச் சட்டம் வைக்கும் இன்னோர் அளவுகோலையும் இக்கரையே நாட்டுக்குக் காட்டித் தந்தது. 1978 யாப்பின் விகிதாசார முறையில், ஒரு மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் எட்டிலொரு பங்குக்குக் குறைவாகப் பெறும் கட்சிக்கு ஆசனப் பங்கீட்டிலே இடமில்லை. கல்முனையில் வளர்ந்து வழக்கறிஞரான எம். எச். எம். அஷ்ரப், 1981 இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரசைத் தொடக்கி, 1986 இல் அதை அரசியற் கட்சியாக்கினார். சிதறிக் கிடக்கும் சிறுபான்மைக்கு எட்டிலொன்று எட்டாக் கனி என்று கண்டார். பிரேமதாசாவோடு பேசினார். 1988 டிசம்பரில் 15 ஆவது திருத்தம் அதை இருபதிலொன்றாக்கியது. ஒரு மாவட்டத்தில் இரண்டு இலட்சம் செல்லுபடியான வாக்குகள் என்று வைத்தால், 25,000 தேவைப்பட்ட இடத்தில் 10,000 போதும் என்றாயிற்று. பேச்சு மேடையிற் பெறாததை ஒரு பின்ன எண்ணிற் பெற்றார். கொள்கை பிடிக்காதோரும் இந்தக் கணக்கைப் படிக்கத்தான் வேண்டும். அவர் 2000 செப்டெம்பர் 16 இல் உலங்கு வானூர்தி விபத்தில் மறைந்தபின், ஆண்டு தோறும் மலர்மாலை சூட்டுகிறோம், படத்தை ஒட்டுகிறோம், வாக்குக் கேட்கிறோம். அவர் மாற்றிய உறுப்புரையைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிறோமா?

இனி, எழுதக் கை கூசும் விடயத்துக்கு வருகிறோம். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் தரமுயர வேண்டுமென்று தமிழர் கேட்கின்றனர். எல்லை தீராமல் அது கூடாதென்று முஸ்லிம்கள் மறுக்கின்றனர். 2019 யூனில் உண்ணாவிரதமும் எதிர் உண்ணாவிரதமுமாய் ஊர் கொதித்தது. தென்னிலங்கையிலிருந்து காவி உடுத்தோரும் வந்து சேர்ந்தனர். மறுபுறம், சாய்ந்தமருது தனக்கொரு சபை கேட்டது. 2018 இல் அக்கோரிக்கையை முன்வைத்த சுயேச்சைக் குழுவுக்கே அவ்வூர் வாக்களித்தது. 2020 பெப்ரவரி 14 இல் சாய்ந்தமருது நகர சபைக்கான வர்த்தமானி வெளியாயிற்று. வெடி கொளுத்திக் கொண்டாடிய புகை அடங்குமுன், ஒரு வாரத்துக்குள், அமைச்சரவை அதை நிறுத்தி வைத்தது.

இவ்விரு பூசல்களையும் ஒன்றெனக் குழப்பிப் பேசாதவரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். பிரதேச செயலகம் வேறு. நகர சபை வேறு. முன்னது மத்திய அரசாங்கத்தின் கரம். 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தால் கச்சேரியின் அதிகாரங்கள் அதற்கு வந்தன. அங்கே காணி உண்டு, நிவாரணம் உண்டு, பதிவு உண்டு, வாக்கு இல்லை. பின்னது மக்கள் தெரிவு செய்வது, அங்கே வரியும் வீதியும் சந்தையும் குப்பையும் உண்டு, வாக்கும் உண்டு. வாக்கில்லாத அலுவலகத்துக்காக இரு சமூகமும் தெருவில் நின்றன. வாக்குள்ள சபை தேர்தலின்றிக் கிடந்தபோது ஒருவரும் உண்ணாமல் இருக்கவில்லை! காணி அதிகாரம் அற்பமென்று நாம் சொல்லவில்லை. தமிழரின் அச்சமும் முஸ்லிம்களின் அச்சமும் காணியில் வேரூன்றியவை என்பது தெரியும். கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்கு என்று கிராம சபைகளும் கல்முனைக்குப் பட்டின சபையும் தனித்தனியே இயங்கிய காலத்தை இன்னும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் உளர். அவை ஏன் ஒன்றாயின, 2001 இல் மாநகர சபை உதித்தபோது எவர் கேட்கப்பட்டார் என்பதை முதலில் எழுதி வையுங்கள். பிறகு வாதிடுங்கள்.

கல்முனைக்குடியில் ஒரு பிள்ளையும், பாண்டிருப்பில் ஒரு பிள்ளையும் ஒரே வினாத் தாளுக்கு விடை எழுதுகின்றனர். ஒரே மொழியில் எழுதுகின்றனர். மற்றவனுடைய கோரிக்கை என்ன, அதற்கு அவன் காட்டும் ஆதாரம் என்ன என்று கேட்டால் இருவரும் விழிக்கின்றனர். வீட்டிற் கேட்டது மட்டுமே இருவருக்கும் தெரியும். தன் கட்சியை ஒப்பிப்பது எளிது; அயலானின் வழக்கை அவனே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்கும் பயிற்சியை எந்தப் பள்ளிக்கூடம் கொடுக்கிறது?

மாகாண சபைக்கும் இதே கதி. 1987 இன் 13 ஆவது திருத்தத்தைப் பிள்ளை அறிவான். 2006 ஒக்டோபரில் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாதென்று உயர் நீதிமன்றம் சொன்னதையும் அறிவான். கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்ததும், தேர்தல் முறையை மாற்றிய சட்டத்தின் கீழ் வந்த எல்லை நிர்ணய அறிக்கைக்கு 2018 ஓகஸ்டில் ஆதரவாக ஒரு வாக்குத்தானும் விழாததும், அதைக் கொண்டு வந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்ததும், 2025 வரை வாக்குப்பெட்டி திறக்கப்படாததும் அவனுக்குத் தெரியா. நோட்ஸில் இல்லை!

"பள்ளிக்கூடத்துக்குள் அரசியலைக் கொண்டு வராதீர்கள்" என்று எமக்குப் புத்தி சொல்வோர் உளர். மாலை கொடுத்து வரவேற்க மாணவரை வெயிலில் வரிசையாய் நிறுத்தும்போது இவர்களுக்கு இப்புத்தி எங்கே போகிறது? வேறு சிலர், "புள்ளி குறைந்தால் பல்கலைக்கழகம் யார் தருவார்?" என்பர். நியாயமான பயம். ஒலுவிலிலே பல்கலைக்கழகம் எழுந்த பின்னும் அப்பயம் ஓயவில்லை. ஆனால் காரியப்பர் வழக்கை வாசித்தவன் வலுவேறாக்கத்தைப் பற்றிக் குறைவாகவா எழுதுவான்?

சட்டத்தரணிகளே, இத்தீர்ப்புக்கள் உங்கள் அலுமாரியில் ஆங்கிலத்தில் உறங்குகின்றன. மாதத்தில் ஒரு பின்னேரம் உங்கள் ஊர் வாசிகசாலையில் அமர்ந்து ஒரு வழக்கைத் தமிழிற் சொல்ல உங்களுக்கு நேரமில்லையா? ஆசிரியர்களே, பாடத் திட்டத்துக்குப் புறம்பான ஒரு வினாவை வாரம் ஒன்று கரும்பலகையில் எழுதினால் எந்த அதிகாரி வந்து அழிப்பான்? கமக்காரப் பெருமக்களே, பெரும்போகக் கூட்டத்துக்குப் போகும்போது உயர்தரம் படிக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். மூலையில் ஒரு கதிரை போட்டு, கையிலே கொப்பியைக் கொடுத்து, யார் பேசினார், யார் முடிவெடுத்தார், யார் பேச விடப்படவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். அக்குறிப்பின் பிரதியொன்றை எமக்கு அனுப்பினால் இப்பத்திரிகையில் இடமளிப்போம். கல்முனைக்குடியிலிருந்து ஒன்று வந்தால், பாண்டிருப்பிலிருந்து வருவதையும் அதே பக்கத்தில், அருகருகே அச்சிடுவோம்.